பேக்கப் ஆகிறது, மீட்பதுதான் பெரும்பாடு: ஒரு கட்டண மென்பொருளின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் கணினிக்குள் இருப்பவை லேசான சரக்கு அல்ல. செம்பனைக் குத்தகையாளரிடம் ஆள்கூலிக் கணக்கும் ஊழியர் சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) படிவங்களும் இருக்கும். கோயில் அலுவலகத்தில் உபய ரசீதுகள், தமிழ்ப்பள்ளியில் பழைய தேர்வுத் தாள்கள், போட்டோ ஸ்டூடியோவில் ஊரில் பாதிப் பேரின் கல்யாணப் படங்கள். வருமான வரிச் சட்டம் 1967-இன்படி வியாபாரப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருந்தாக வேண்டும். ஒரு ஹார்ட் டிஸ்க் அத்தனை காலம் உழைக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

இப்படிப்பட்ட கணினிகளில் ஒரே கட்டண பேக்கப் மென்பொருளை, ஒருமுறை காசு கட்டி வாங்கிய காலத்திலிருந்து இன்றைய வருடச் சந்தா வரை, தொடர்ந்து ஓட்டிப் பார்த்ததன் பதிவு இது. எடுத்த எடுப்பிலேயே முடிவைச் சொல்லிவிடலாம்: நகல் எடுக்கும் பக்கம் இன்றும் பரவாயில்லை. மீட்கும் பக்கமும் ஆதரவுப் பிரிவும் பதிப்புக்குப் பதிப்பு தேய்ந்துகொண்டே வந்திருக்கின்றன. பேக்கப் மென்பொருளுக்கு நாம் காசு கொடுப்பதே மீட்பதற்காகத்தான் என்பதால் இந்தத் தேய்மானத்தைச் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பழைய பதிப்பு நான்கு வேலைகளைச் செய்தது. முழு டிஸ்கையும் அப்படியே ஒரே நகலாக, அதாவது இமேஜாக எடுக்கும், இரவில் மாறியதை மட்டும் சேர்க்கும், எடுத்ததைச் சரிபார்க்கும், கணினி எழாமல் போனால் யுஎஸ்பி விரலியிலிருந்து எழுப்பி மீட்கும். வேலை முடிந்ததும் ஒரு மின்னஞ்சல் வரும். ஒரு கணினி தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), இன்னொன்று தோட்ட அலுவலகத்தில், மூன்றாவது பள்ளியில் என்று சிதறிக் கிடக்கும்போது அந்த மின்னஞ்சல்தான் கண்ணும் காதும். சந்தா முறை வந்தபோது அதையே முதலில் எடுத்தார்கள். இப்போது உலாவியில் கணக்குக்குள் நுழைந்து ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்க்க வேண்டும். அதற்குப் பதில் கிடைத்தவை நச்சுநிரல் தடுப்பு, கைப்பேசி நகல், மேகக் கிடங்கு. நிறுவும்போது தேவையில்லாததை விலக்கினாலும் அடுத்த புதுப்பிப்பில் அவை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 4 ஜிபி ரேம் உள்ள அலுவலகக் கணினிக்கு இது தாங்காது. அதோடு, வேறொரு நச்சுநிரல் தடுப்பு பதிவானால் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். பேக்கப்புக்காக வாங்கியவருக்குத் தன் பாதுகாப்பே கைமாறியது தெரியாமல் போகிறது.

அடுத்தது பச்சைக் குறி. பழைய பதிப்பு டிஸ்கின் ஒரு பகிர்வை (பார்ட்டிஷனை) படிக்க முடியாமல் தாண்டினால் சிவப்பாகக் காட்டி நின்றுவிடும். புதியது மீதியை முடித்துவிட்டுப் பச்சை காட்டுகிறது. தாண்டிய விவரம் லாக் என்ற செயல்பதிவுக் கோப்புக்குள் எச்சரிக்கையாகப் புதைந்து கிடக்கிறது. பெரும்பாலும் தாண்டப்படுவது சிஸ்டம் அல்லது ரெக்கவரி பகிர்வு. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நகல் எடுக்க விஎஸ்எஸ் என்ற நிழல்நகல் சேவை வேண்டும். அதற்கு 500 எம்பிக்குக் குறைந்த பகிர்வில் 50 எம்பியாவது, அதைவிடப் பெரிய பகிர்வில் 320 எம்பியாவது காலியிடம் இருக்க வேண்டும். விண்டோஸ் புதுப்பிப்புகள் ரெக்கவரி பகிர்வை நிரப்ப நிரப்ப அந்த இடம் கரைகிறது. கணினியை எழுப்பும் பகிர்வே இல்லாத இமேஜ் கையில் இருந்து என்ன பயன்? நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ‘விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்’ கட்டளையை ஓட்டுங்கள். எல்லா ரைட்டரும் (நிழல்நகலுக்குத் தரவைத் தயார்செய்யும் நிரல்கள்) ‘ஸ்டேபிள்’, ‘நோ எரர்’ என்று இருக்க வேண்டும். ‘ஃபெயில்ட்’ என்று ஒன்று இருந்தாலும் கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் கோளாறு விண்டோஸ் பக்கம். மென்பொருளை அழித்துப் போட்டாலும் அது தீராது.

நகல் சங்கிலி விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் தரவை இழக்கிறார்கள். முதலில் ஒரு முழு நகல், பிறகு அன்றாட மாற்றங்கள். கடைசி நாளை மீட்க முதல் கண்ணியிலிருந்து எல்லாமே உயிரோடு இருக்க வேண்டும். டிஸ்க் நிரம்பாமலிருக்க மென்பொருள் பழைய கண்ணிகளை முழு நகலோடு இணைத்துச் சுருக்கும். அந்த இணைப்பு நடக்கும்போது மின்சாரம் போனால் முழு நகல் கோப்பே பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் பேராக்கில் பிற்பகல் இடிமழை வழக்கம். மின்னலில் பிரேக்கர் விழும் நேரத்தில் இணைப்பு ஓடினால் ஆபத்து. பழைய பதிப்பு அறுந்த சங்கிலியைக் கண்டதும் புதிய முழு நகலைத் தொடங்கியது. புதியது அறுந்ததன் மேலேயே கண்ணிகளைக் கோத்துக்கொண்டு போகிறது, பச்சைக் குறியுடன்.

இதற்குத் தற்காப்பு உண்டு. இணைப்பு முறையை அணைத்துவிட்டு, வாரம் ஒரு முழு நகல், அதற்கு ஆறு மாற்ற நகல், மொத்தம் மூன்று வாரத் தொகுதி என்று வையுங்கள். பழைய தொகுதியை அழிக்கும் வேலை புதியது முடிந்த பிறகே நடக்கும் என்பதால் நான்கு தொகுதிக்கு இடம் வேண்டும். கணினியும் வெளி டிஸ்கும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். நேரத்தைப் பிற்பகலில் வைக்காதீர்கள். வெளி டிஸ்க் எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும்) வகையாக இருந்தால் நீண்ட எழுத்தில் வேகம் படுத்துவிடும், முழு நகலுக்கு இரவு போதாமல் போகலாம். யுஎஸ்பி 3 போர்ட்டில் நொடிக்கு 100 எம்பி கிடைத்தால் 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். அதுவே பழைய யுஎஸ்பி 2 போர்ட் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். போர்ட்டைப் பார்த்துச் செருகுங்கள்.

மேகக் கிடங்கை மென்பொருள் ஓயாமல் தள்ளிவிடுகிறது. கணக்கு எளிது: அதே 500 ஜிபியை ஏற்ற, 50 எம்பிபிஎஸ் ஏற்று வேகத்தில் 22 மணி நேரம், 10 எம்பிபிஎஸ்ஸில் நாலரை நாளுக்கு மேல். இறக்கும் வேகம்தான் விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். பார்க்க வேண்டியது ஏற்று வேகம்.

தமிழில் வேலை செய்பவர்களுக்குத் தனித் தொல்லைகள் உண்டு, ஆதரவுப் பிரிவு இவற்றைப் புரிந்துகொள்ளவே இல்லை. விண்டோஸில் தமிழ்க் கோப்புப் பெயர் 255 எழுத்தலகு வரை போகும். லினக்ஸில் ஓடும் நாஸ் என்ற வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் வரம்பு 255 பைட். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ் அலகும் 3 பைட் பிடிக்கும், எனவே 85 அலகோடு முடிந்துவிடும். ‘கோ’ என்பது எழுத்தும் உயிர்க்குறியுமாக இரண்டு அலகு, 6 பைட். ‘ஸ்ரீ’ நான்கு அலகு, 12 பைட். கோயிலின் முழுப் பெயர், திருவிழா, ஆண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயர் வைத்தால் வரம்பைத் தாண்டிவிடும். சில நாஸ்களின் மறையாக்கக் கோப்புறையில் வரம்பு 143 பைட்தான், அதாவது 47 அலகு. இமேஜாக எடுத்தால் இந்தச் சிக்கல் வராது. கோப்பு கோப்பாக நாஸுக்கு எடுத்தாலோ மீட்டாலோ வரும். பழைய பதிப்பு எந்தக் கோப்பு போகவில்லை என்று பட்டியல் கொடுத்தது. புதியது ‘சில உருப்படிகள் தவிர்க்கப்பட்டன’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

இன்னொன்று எழுத்துரு. முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு தொடங்கி, யூனிகோடு பரவும் வரை இந்நாட்டில் தமிழ் தட்டச்சானது தனித்தனி குறியீட்டு எழுத்துருக்களில்தான். அக்காலத் தேர்வுத் தாளையும் ஆண்டறிக்கையையும் மட்டும் மீட்டு, எழுத்துருவை மீட்காவிட்டால் திரையில் வருவது பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல். ஆவணக் கோப்புறையை மட்டும் தேர்ந்தெடுக்கும் எளிய முறையை இப்போது மென்பொருள் முன்னிருப்பாக வைத்திருப்பதால் எழுத்துருக்கள் விடுபட்டுப் போகின்றன. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ஸைச் சேர்த்தால் மட்டும் போதாது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் நிர்வாகி உரிமையில்லாமல் நிறுவிய எழுத்துருக்கள் அந்தந்தப் பயனரின் ‘ஆப்டேட்டா’வுக்குள் போய் உட்காருகின்றன. இரண்டு இடங்களையும் சேருங்கள்.

மீட்பு விரலிதான் மிகவும் ஏமாற்றியது. 11-ஆம் தலைமுறை இன்டெல் சிப் வந்த பிறகு பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டியானது விஎம்டி என்ற கட்டுப்படுத்திக்குப் பின்னால் இருக்கிறது. மென்பொருள் தயாரிக்கும் விரலியில் அதன் டிரைவர் இல்லாவிட்டால் கணினி எழும், மீட்பு நிரல் திறக்கும், ஆனால் உள்ளே டிஸ்கே தெரியாது. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்தில் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பொதியைப் பிரித்து, ஐஎன்எஃப் கோப்பு உள்ள கோப்புறையை விரலி தயாரிக்கும் கட்டத்தில் கொடுங்கள். பழைய பதிப்பு ஓடும் கணினியிலிருந்தே டிரைவர்களைத் தானாக எடுத்துக்கொண்டது. அந்த வசதி ஏன் போனது என்பதற்கு விளக்கமே கிடைக்கவில்லை. பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்ட கணினியானால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால், நீங்கள் கேட்காமலே அது இயங்கியிருக்கலாம். பயோஸில் செக்யூர் பூட்டை மாற்றினாலும் எண்ணைக் கேட்கும்.

ஆதரவுப் பிரிவைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை. முன்பு லாக்கைப் படித்து, எந்தக் கண்ணி எந்தத் தேதியில் அறுந்தது என்று சொல்லும் ஆள் இருந்தார். இப்போது முதலில் தானியங்கி உரையாடல், பிறகு படிவம், பிறகு ‘புதிய பதிப்பை நிறுவிப் பாருங்கள்’ என்ற அச்சுப் பதில். அதைச் செய்து பதில் போட்டால் வேறொருவர் வந்து முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறார். நம் நேரத்துக்கு நள்ளிரவில் அஞ்சல் வரும். சில நாள் பதில் போடாவிட்டால் புகார் தானாக மூடப்படும். இதில் கொஞ்சமாவது முன்னேற வேண்டுமானால் முதல் கடிதத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்: மென்பொருளின் பில்ட் எண், ‘வின்வெர்’ காட்டும் விண்டோஸ் பதிப்பு, விஎஸ்எஸ் ரைட்டர் பட்டியல், நகல் டிஸ்கின் ஸ்மார்ட் நிலை (டிஸ்க் தானே காட்டும் உடல்நிலை), ‘செக்டிஸ்க்’ என்ற டிஸ்க் சோதனையின் முடிவு, லாக் பொதி, பிழை வந்த தேதியும் நேரமும். மறுநிறுவல் செய்தாயிற்று என்பதையும் முதல் வரியிலேயே சொல்லி, இரண்டாம் நிலைப் பொறியாளருக்கு அனுப்பும்படி கேளுங்கள். இவ்வளவையும் பயனரே திரட்ட வேண்டியிருக்கும்போது சந்தாவில் ஆதரவுக்கென்று எதற்குக் காசு வாங்குகிறார்கள்?

துறை முழுவதும் இப்படி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நார்ட்டன் கோஸ்ட் 2013-இல் நின்றது. கிராஷ்பிளான் வீட்டுப் பயனர் சேவையை முடிப்பதாக 2017-இல் அறிவித்து 2018-இல் மூடியது. மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு போனது. எனவே எந்த நிறுவனமும் இல்லாமல் திறக்கக்கூடிய வடிவில் ஒரு நகல் எப்போதும் இருக்க வேண்டும்.

அதற்கு விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி என்ற நகல் கட்டளையே போதும். ‘இ’ சுவிட்ச் உள்கோப்புறைகளோடு நகலெடுக்கும். ‘எம்ஐஆர்’ போட்டால் மூலத்தில் அழிந்தது நகலிலும் அழியும், ஆகவே வேண்டாம். ‘ஆர்’ (மறுமுயற்சி எண்ணிக்கை), ‘டபிள்யூ’ (இடைவெளி விநாடி) இரண்டையும் 1 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் திறக்க முடியாத ஒரு கோப்புக்காக 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும், இரவெல்லாம் அங்கேயே நிற்கும். கணக்கு மென்பொருளின் தரவுத்தளத்தை, அது திறந்திருக்கும்போது இப்படி எடுக்கக் கூடாது. அந்த மென்பொருளின் சொந்த பேக்கப் மெனுவில் கோப்பை உருவாக்கி அதை நகலெடுங்கள். முழு இமேஜுக்கு வீம் ஏஜெண்டின் இலவசப் பதிப்பு ஒரு கணினிக்கு ஒரு வேலைத்திட்டம் தருகிறது. குளோன்சில்லாவும் நல்லது, ஆனால் மீட்கும் டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். டிஸ்குகள் இரண்டு, மாறி மாறி. ஒன்று எப்போதும் வேறு வீட்டில், கேபிள் கழற்றிய நிலையில். செருகியே கிடக்கும் டிஸ்கை மின்னலும் எடுக்கும், பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் நச்சுநிரலும் எடுக்கும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஒத்திசைவு பேக்கப் ஆகாது. அழித்தது அங்கும் அழியும், குப்பைத் தொட்டியில் 30 நாள்தான்.

வெளியேறும்போது அவசரப்படாதீர்கள். சந்தா உயிரோடு இருக்கும்போதே ஒவ்வோர் ஆண்டின் கடைசி நகலையும் வெற்று டிஸ்கில் சாதாரணக் கோப்புறைகளாக மீட்டெடுங்கள். ‘ப்ராபர்ட்டீஸ்’ஸில் கோப்பு எண்ணிக்கையும் அளவும் பார்த்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். கணக்குக் கோப்பைக் கணக்கு மென்பொருளிலும், பழைய தேர்வுத் தாளை அதன் எழுத்துருவோடும் திறந்து பாருங்கள். அதன் பிறகு மேகத்தில் இருப்பதை அழித்து, மென்பொருளின் சுத்திகரிப்புக் கருவியால் அதை நீக்கி, டிஃபெண்டர் மறுபடி இயங்குகிறதா என்று பாருங்கள். சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பைக் கணக்குப் பக்கத்தில் அணைத்து அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். மென்பொருளை நீக்கினால் சந்தா நிற்காது, அட்டையில் அடுத்த ஆண்டும் டாலரில் கழியும்.