டி.ஃபார்ம் படிக்க: அச்சுப் புத்தகமா, பிடிஎஃப் குறிப்பா?

டி.ஃபார்ம் (மருந்தியல் டிப்ளமா) சேர்ந்ததும் பலருக்கு வரும் குழப்பம் இது. சீனியர்களிடம் பழைய புத்தகம் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் குறிப்புகளும் வந்து குவிகின்றன. எதை வைத்துப் படிப்பது?

செலவு
புத்தகம்: பழையதாக வாங்கினால் மலிவு. ஆனால் 1991 விதிமுறைப் பாடத்திட்டத்துக்கு எழுதியது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இப்போது நடப்பது 2020 விதிமுறை.
பிடிஎஃப்: பெரும்பாலும் காசே இல்லை.

புதுப்பித்தல்
புத்தகம்: அடுத்த பதிப்பு வரும்வரை அப்படியே நிற்கும். இதில்தான் நான் கறாராக இருப்பேன். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமசுலைடு என்ற வலி, காய்ச்சல் மருந்து 2011 முதல் தடை. அட்டவணை எச்1 மருந்துகளின் (கூடுதல் கட்டுப்பாடு உள்ள, மருத்துவர் சீட்டில் மட்டும் தரும் மருந்துகள்) விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் நடைமுறை. 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ரானிடிடின் என்ற அமிலச் சுரப்பு மருந்து இல்லை. இவை தெரியாமல் ஒருவர் மருந்துக் கடை கவுண்டரில் நிற்கவே கூடாது.
பிடிஎஃப்: ஒரே நாளில் திருத்தலாம். சரி, திருத்தியது யார், எப்போது? முதல் பக்கத்தில் பெயரும் தேதியும் இல்லாத குறிப்பை நம்பாதீர்கள்.

பிழை
புத்தகம்: ஆசிரியர், பதிப்பு ஆண்டு தெரியும், கேள்வி கேட்க ஆள் உண்டு.
பிடிஎஃப்: தட்டச்சில் மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆனால் அளவு ஆயிரம் மடங்கு!

உடற்கூறியல், உயிர்வேதியியல் போன்ற அடிப்படைப் பாடங்களுக்குப் புதிய பாடத்திட்டப் புத்தகம் போதும். சட்டம், தடைகள், மருந்துப் பட்டியலுக்கு உங்கள் ஆசிரியர் தேதி போட்டுப் பராமரிக்கும் பிடிஎஃப். அப்புறம், மருந்தளவை மட்டும் இரண்டிலும் பார்த்து நிறுத்திவிடாமல் நேஷனல் ஃபார்முலரி ஆஃப் இந்தியா என்ற தேசிய மருந்துக் கையேட்டில் சரிபாருங்கள்.