போர் நேரத்துல ரயில் எரிபொருள்: கரி, டீசல், கரண்ட் எதைக் காப்பாத்துறது ஈசி?

தண்டவாளத்துல குண்டு போட்டா சீக்கிரமே சரி பண்ணி வண்டியை விட்ருவாங்க, அதனாலதான் எதிரி எரிபொருள் மேல கை வைக்கப் பாக்குறான்.

முதல்ல கரி, அதாவது நிலக்கரி. டீசல் மாதிரி குப்புனு பத்திக்காது, திறந்தவெளில கொட்டி வைக்கலாம், குவியல் சிதறுனா வாரிப் போட்டுக்கலாம் (ரொம்ப உயரமா குவிச்சா தானா சூடேறி புகைய ஆரம்பிக்கும், அது தனி தலைவலி). சிக்கல் என்னன்னா அந்தக் கரியைக் கொண்டு வரவே ரயில் வேணும். 1944 கடைசில ஜெர்மனில இதான் நடந்துச்சு, ரூர்ங்கிற சுரங்கப் பகுதில வெட்டுன கரி அங்கயே குவிஞ்சு கிடக்குது, நேசநாட்டு விமானங்க ரயில் யார்டுகளையும் (வண்டிகளைப் பிரிச்சு சேக்குற இடம்) கால்வாய்களையும் அடிச்சு நொறுக்குனதால வெளிய அனுப்ப வழியில்ல, கடைசில எஞ்சினுக்கே கரி பத்தல. இன்னொரு வில்லங்கமும் இருக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தெற்குத் தரப்புல தாமஸ் கோர்ட்னினு ஒருத்தர் இரும்புக் கூட்டுக்குள்ள வெடிமருந்தை அடைச்சு மேல கரித்தூள் பூசி அசல் கரிக்கட்டி மாதிரியே செஞ்சாரு, குவியல்ல கலந்துட்டா போதும், அது அடுப்புக்குள்ள போனதும் பாய்லர் காலி. அவர் குறி வச்சது கப்பல்களைத்தான், ஆனா ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் உளவு ஆளுங்களும் இதே மாதிரி வெடிக்கிற கரி செஞ்சாங்க. எஞ்சின் நிக்குற ஷெட்டுக்கு காவல் போட்டா பத்தாது, கரி ஏத்துற இடத்துல இருந்தே கண்ணு வைக்கணும்.

டீசலை பூமிக்கடியில டேங்க்ல வைக்கலாம், டேங்கர் வேகன்களை சின்ன சின்ன சைடிங்ல (மெயின் லைன்ல இருந்து ஒதுங்குற பக்கத் தண்டவாளம்) பிரிச்சு நிறுத்தலாம், மேல இருக்குற டேங்கைச் சுத்தி மண்கரை கட்டலாம். தீ பயத்தை விட எனக்கு பெரிய மைனஸா படுறது, அதே டீசலுக்கு ராணுவ லாரியும் டாங்கியும் போட்டிக்கு வரும், ரயிலோட பங்குலதான் முதல்ல வெட்டு விழும்.

கரண்ட்ல ஷெட்ல சேமிக்க எதுவுமே இல்ல. முதல் உலகப் போர்ல கரி கிடைக்காம திண்டாடுன சுவிட்சர்லாந்து அதுக்கப்புறம் நீர்மின்சாரத்துக்கு வேகமா மாறுச்சு, ரெண்டாவது போர்ல அது கைகொடுத்துச்சு. பெட்டிகளை இடம் மாத்துற ரெண்டு ஷன்டிங் நீராவி எஞ்சினுக்கு மேல பேன்டோகிராஃப் (மேல் கம்பில இருந்து கரண்ட் எடுக்குற கை) மாட்டி கரண்ட்லயே தண்ணி கொதிக்க வச்சு ஓட்டுனாங்கன்னா பாத்துக்கோங்க! ஆனா 2022 மே மாசம் உக்ரைன்ல ரஷ்ய ஏவுகணைங்க ரயிலுக்கு கரண்ட் குடுக்குற சப்ஸ்டேஷன்களைத்தான் தேடி அடிச்சுது. பெரிய டிரான்ஸ்பார்மர் போனா நினைச்ச உடனே வாங்கி மாட்ட முடியாது. அங்க கரண்ட் போன லைன்ல டீசல் எஞ்சினை வச்சுத்தான் ரயிலை நகர்த்துனாங்க.

என் ஓட்டு கரண்டுக்குத்தான், ஆனா டீசல் எஞ்சின்களை பழசுன்னு உடைச்சு விக்காம வச்சிருக்கணும், அதுக்கான டீசலை ராணுவமே கேட்டாலும் தரக்கூடாது.