இளஞ்சிவப்புத் தூள்: விர்கான் எஸ் எதற்கு உதவும், எதற்கு உதவாது

கோழிப் பண்ணை, ஆட்டுக் கொட்டகை, கிளிக் கூண்டு என எல்லாவற்றுக்கும் விர்கான் எஸ் என்ற கிருமிநாசினித் தூளே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. பொட்டாசியம் பெராக்சிமோனோசல்பேட் என்ற ஆக்சிஜனேற்றிதான் இதில் வேலை செய்கிறது. அதற்குத் துணையாக அமிலங்களும், அழுக்கில் ஊடுருவ உதவும் சலவைப் பொருளும், சாயமும் உண்டு. குடல் கிருமிகளான சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா, கன்று வீச்சு நோயைத் தரும் புரூசெல்லா ஆகியவற்றைச் சுத்தமான பரப்பில் இது நன்றாகவே கொல்லும். ‘சுத்தமான பரப்பு’ என்ற நிபந்தனையில்தான் பெரும்பாலான பண்ணைகள் தோற்கின்றன.

வழக்கமான அளவு 1 சதவீதம், அதாவது லிட்டருக்கு 10 கிராம். சதுர மீட்டருக்கு 300 மில்லி கரைசல் வேண்டும். பத்துக்குப் பத்து மீட்டர் கொட்டகையில் தரை 100 சதுர மீட்டர். இரண்டரை மீட்டர் உயரமுள்ள நான்கு சுவர்களும் சேர்ந்து இன்னொரு 100. ஆக 60 லிட்டர் கரைசல், 600 கிராம் தூள். தராசில் நிறுத்துப் போடுங்கள். பாதி தூள் போட்டாலும் தண்ணீர் சிவக்கத்தான் செய்யும்; சாயத்தைப் பார்த்து வீரியத்தைக் கணிக்க முடியாது. முதலில் தண்ணீர், பிறகு தூள். தூள் பறந்தால் மூக்கும் கண்ணும் எரியும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும். அதனால் முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். தெளித்த இடம் 10 நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். அதற்குள் காய்ந்துவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டியதுதான்.

இனி அந்தச் சுத்தம். ஆக்சிஜனேற்றிக்குக் கிருமியும் சாணமும் ஒன்றுதான், எது முதலில் கிடைக்கிறதோ அதில் தன்னைச் செலவழித்துவிடும். எச்சம் அப்பிய தரையில் எவ்வளவு ஊற்றினாலும் மேல்தோல்தான் வெளுக்கும், அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். கூளத்தை லேசாக நனைத்து வாரி வெளியேற்றுங்கள். பிறகு சோப்புக் கரைசல் தெளித்து, ஊறவிட்டு, தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு போக அலசுவது முக்கியம். காரத்தன்மை மிஞ்சினால் அமிலக் கரைசலின் வீரியம் குறையும். அதன்பின் தரையைக் காயவிடுங்கள். குட்டையாகத் தண்ணீர் தேங்கிய இடத்தில் 1 சதவீதம் அரை சதவீதமாகிவிடும். கேம்பைலோபாக்டருக்கு உலர்ச்சியே ஆகாது, ஆகவே காயவிடுவதே பாதி வைத்தியம். சால்மோனெல்லா அப்படியல்ல; தூசியிலும் தீவன இடுக்கிலும் நெடுநாள் தங்கும், எலி எச்சம் வழியாகத் திரும்பவும் வரும். எலியை விட்டுவைத்துக் கொட்டகையைக் கழுவுவது வீண். அதிவேகக் குழாயை மட்டும் ஆள் நிற்கும் மூடிய இடத்தில் வேண்டாம். அது கிருமியைத் துளியாக்கி மூக்குக்கே கொண்டுவரும்.

கிளி, புறா வளர்ப்பவர்களுக்கு இந்தக் கடைசி எச்சரிக்கை இன்னும் முக்கியம். கிளிக்காய்ச்சலைத் தரும் கிளமிடியா சிட்டாசி, காய்ந்த எச்சத்தின் தூசியோடு நுரையீரலுக்குள் போகிறது. பறவையை வேறு கூண்டுக்கு மாற்றி, எச்சத்தைக் கரைசலால் நனைத்த பிறகே சுரண்ட வேண்டும். உலர்ந்த துடைப்பம் கூடாது. சுரண்டிக் கழுவிய கூண்டில் மறுபடி கரைசல் தெளித்து, 10 நிமிடம் கழித்து நன்றாக அலசி, காய்ந்தபின் பறவையை விடலாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றே போய்விடும்.

இந்தத் தூள் கை விரிக்கும் இடங்களும் உண்டு. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் வித்துகள், அதாவது அந்தக் கிருமி கடின உறை போட்டு உறங்கும் வடிவங்கள், மண்ணில் பல பத்தாண்டுகள் கிடப்பவை, இந்தத் தூளுக்கு அடங்குபவை அல்ல. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசியத் திடீரென மாடு செத்தால், உடலைத் திறக்காமல் கால்நடை மருத்துவரை அழைப்பதுதான் செய்ய வேண்டியது. திறந்தால் காற்றுப்பட்டு வித்துகள் உருவாகும். காசநோய்க் கிருமிக்கு மெழுகுப் போர்வை உண்டு; 1 சதவீதம், 10 நிமிடம் என்ற கணக்கை அங்கே நம்ப முடியாது. ஆடுகளில் கியூ காய்ச்சலைத் தரும் காக்சியெல்லாவும் பிடிவாதக்காரன்தான். குட்டி போட்ட இடத்து நஞ்சுக்கொடியில் அது கோடிக்கணக்கில் இருக்கும். புரூசெல்லாவும் கருச்சிதைவுக் கழிவில்தான் குவிந்திருக்கும். இரண்டிலும் என்95 முகக்கவசமும் நீளக் கையுறையும் போட்டு, கழிவை எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ வேண்டும். தூளின் வேலை அதற்குப் பிறகுதான். கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் போகவே கூடாது.

வாசலில் கால் நனைக்கும் தொட்டிக்கு இதை வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு தொட்டி வையுங்கள். முதலாவதில் தண்ணீரும் பிரஷ்ஷும், இரண்டாவதில் கரைசல். ஒரே தொட்டி வைத்தால் ஒரு நாளிலேயே அது சேற்றுக்குழம்பு. கலக்கிய கரைசல் சுத்தமாக இருந்தால் 7 நாள் வரை தாங்கும். சாணம் விழுந்தாலோ நிறம் வெளுத்தாலோ அன்றே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

குறைகளில் பெரியது உலோக அரிப்பு. துத்தநாகப் பூச்சுத் தீவனத்தட்டு, பித்தளைக் குழாய்முனை, தெளிப்பானின் உலோகப் பாகங்கள் எல்லாவற்றையும் 10 நிமிடம் ஆனதும் அலச வேண்டும். பிளீச்சிங் போன்ற குளோரின் கிருமிநாசினியோடு ஒப்பிட்டால் அழுக்கைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், நெடியும் குறைவு. ஆனால் இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, இதன் அமிலம் பிளீச்சிங்கிலிருந்து குளோரின் வாயுவைக் கிளப்பிவிடும். குளுட்டரால்டிஹைடு என்ற இன்னொரு கிருமிநாசினியின் கலவைகள் அழுக்கில் இன்னும் நன்றாக நிற்கும், உலோகத்தையும் அவ்வளவாகத் தின்னாது. ஆனால் அவற்றின் ஆவி மூச்சுக்குக் கெடுதல். ஆட்கள் உள்ளே புழங்கும் சிறு கொட்டகைக்கு இந்தத் தூளையே தேர்ந்தெடுக்கலாம்.

கூண்டு, கருவிகள் அளவுக்கு மட்டும் தேவை என்றால் 5 கிராம் மாத்திரை போதும், ஒரு மாத்திரையை அரை லிட்டர் தண்ணீரில் கரைக்கலாம். பெரிய டப்பா வாங்கினால் ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். ஈரம் இழுத்துக் கட்டிதட்டிய தூளில் எவ்வளவு வீரியம் மிச்சம் என்று வீட்டில் அளக்க வழியில்லை. கூடுதலாகப் போட்டு ஈடுகட்டவும் முடியாது.