எல்இடி – ரெசிஸ்டர் தொகுப்புப் பெட்டி: பொருள்களை நம்பலாம், அட்டவணையை நம்ப வேண்டாம்

மின்னணுவியல் பழகும் மாணவர்களுக்கென்று இணையக் கடைகள் பலவற்றில் தயாரிப்பாளர் பெயரின்றி விற்கப்படும் தொகுப்புப் பெட்டி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஐந்து நிறங்களில் 5 மி.மீ. எல்இடிகளும், அவற்றில் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 100 ஓம் முதல் 10 கிலோ ஓம் வரையிலான கால் வாட் ரெசிஸ்டர்களும் (கால் வாட் வெப்பம் வரை தாங்கும் மின்தடைகள்), எந்த மின்னழுத்தத்துக்கு எந்த ரெசிஸ்டர் என்று கூறும் ஓர் அச்சிட்ட அட்டவணையும் இதில் உள்ளன.

பொருள்களின் தரத்தில் குறையில்லை. மல்டிமீட்டரில் அளந்த ரெசிஸ்டர்கள் எல்லாம் குறிப்பிட்ட மதிப்புக்கு ஒரு சதவீதத்துக்குள் இருந்தன. நீல நிற உடலின் மேல் ஐந்து வண்ணப் பட்டைகள் இருப்பதால் பழுப்பையும் சிவப்பையும் பிரித்தறிவது கடினம். ஆயினும் ஒவ்வொரு கட்டின் காகிதப் பட்டையிலும் மதிப்பை அச்சிட்டிருப்பது பெரிய உதவி.

அட்டவணைதான் ஏமாற்றுகிறது. 3.3 வோல்ட்டுக்கு எல்லா நிறங்களுக்கும் 100 ஓம் என்கிறது. சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால் மீதமுள்ள 1.3 வோல்ட்டில் 13 மில்லி ஆம்பியர் பாய்ந்து அது நன்றாக ஒளிர்கிறது. வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுவதால் ரெசிஸ்டருக்கென்று ஏறக்குறைய எதுவும் மிஞ்சுவதில்லை; அவை மங்கலாக எரிகின்றன. மூல மின்னழுத்தத்திலிருந்து எல்இடியின் மின்னழுத்தத்தைக் கழித்து, வேண்டிய மின்னோட்டத்தால் வகுத்து ரெசிஸ்டரின் மதிப்பைக் காணும் எளிய கணக்கை அட்டவணையின் ஓர் ஓரத்திலாவது அச்சிட்டிருந்தால் மாணவரே இதைக் கண்டுகொண்டிருப்பார்.

12 வோல்ட் வரியில் உள்ள பிழை இதைவிடக் கடுமையானது. மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடராக இணைத்து 120 ஓம் போடச் சொல்கிறது. ஒன்றுக்கு 3.2 வோல்ட் என்றால் மூன்றுக்கு 9.6, மீதி 2.4 வோல்ட்டை 120ஆல் வகுத்தால் 20 மில்லி ஆம்பியர் வருகிறது. சீரான 12 வோல்ட் அடாப்டரில் இது சரியே. ஆனால் அட்டவணை இந்த வரிக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளின் படத்தைப் போட்டிருக்கிறது. வண்டி ஓடும்போது, சார்ஜ் ஆகும் பேட்டரியின் முனைகளில் 14.4 வோல்ட் வரை இருக்கும். அப்போது ரெசிஸ்டரின் மேல் விழுவது 2.4 வோல்ட் அன்று, 4.8 வோல்ட். எல்இடியின் மின்னழுத்தமும் சற்று உயர்வதால் முழு 40 மில்லி ஆம்பியரைத் தொடாவிட்டாலும், மின்னோட்டம் இரு மடங்கை நெருங்கிவிடுகிறது; இவ்வகை எல்இடிகளின் வரம்போ பெரும்பாலும் 20 முதல் 30 மில்லி ஆம்பியர்தான். ரெசிஸ்டருக்கு விடப்படும் மின்னழுத்தம் குறையக் குறைய, மூலத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் மின்னோட்டத்தைப் பெரிதாகப் புரட்டிவிடும் என்பதை இந்த வரி மறைத்துவிடுகிறது.

இத்தனைக்கும் தீர்வு இதே பெட்டியில் கிடக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். இரண்டு வெள்ளை எல்இடிகளை மட்டும் தொடராக்கி 470 ஓம் போட்டால், 12 வோல்ட்டில் 12 மில்லி ஆம்பியரும் 14.4 வோல்ட்டில் 17 மில்லி ஆம்பியரும் பாயும். ரெசிஸ்டரில் வெப்பமாவது 0.14 வாட்டுக்குள் அடங்கும். கால் வாட் வகையே தாங்கும்.

பின்பக்கத்தில் பல எல்இடிகளைப் பக்க இணைப்பில் வைத்து ஒரே ரெசிஸ்டரைக் காட்டும் படத்தையும் பின்பற்ற வேண்டாம். எல்இடிகளின் மின்னழுத்தம் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். குறைவாக உள்ளது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும், சூட்டால் அதன் மின்னழுத்தம் இன்னும் இறங்கி மேலும் இழுக்கும். ஒவ்வொரு கிளைக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். அதற்குப் போதுமான எண்ணிக்கை பெட்டியில் உண்டு.

5 வோல்ட்டிலும் 12 வோல்ட்டிலும் பழகுவோர் இதைத் தயங்காமல் வாங்கலாம். 24 வோல்ட்டில் ஒற்றைச் சிவப்பு எல்இடியை முழு ஒளியில் எரிக்க நினைப்பவர்கள் மட்டும் அரை வாட் ரெசிஸ்டர்களைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரில் 0.4 வாட் வெப்பமாகும். இந்தப் பெட்டியில் உள்ளவை அதைத் தாங்கா.