ஹைட்ரேஞ்சியா: மத்தியானமானா மயங்கி விழுற செடி

கோயம்புத்தூர்ல இருக்கிற சித்தி பொண்ணு ஊட்டி மலர் கண்காட்சிக்கு வந்துட்டுப் போனதுல இருந்து ஓயாம போட்டோ அனுப்பிட்டு இருக்கா, "அக்கா இந்த ஹைட்ரேஞ்சியா எங்க மொட்டை மாடில வருமா"ன்னு. ஒவ்வொரு தடவையும் பதில் டைப் பண்ண பொறுமை இல்ல, அதான் மொத்தமா இங்க கொட்டிடறேன். குன்னூர்ல தரையிலயும் தொட்டியிலயும் வருஷக்கணக்கா வளர்த்துட்டு இருக்கேன்.

இவ்வளவு சீன் போடுற செடிய நான் பாத்ததே இல்ல. காலைல நல்லா தண்ணி விட்டுட்டு உள்ள போய் சமையல முடிச்சு வெளிய வந்தா அத்தனை இலையும் துவண்டு, பூக்கொத்து தலைகுப்புறத் தொங்கிட்டு நிக்கும். வர்றவங்க எல்லாம் ஒரே கேள்வி, "ஏம்மா செடிக்குத் தண்ணியே காட்டறதில்லையா?" மண்ணுக்குள்ள விரல விட்டா ஜில்லுன்னு ஈரம்! அகலமான இலை, மேலாப்புல ஓடுற வேரு, உச்சி வெயில்ல இலை வழியா போற தண்ணிய வேரு அந்த வேகத்துக்கு ஏத்த முடியாது, அவ்வளவுதான் விஷயம். சாயங்காலம் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி நிமிர்ந்து நிக்கும். பரிதாபப்பட்டு மறுபடி மறுபடி ஊத்தினீங்கன்னா வேரழுகி நிஜமாவே போயிடும். விடிகாலைலயும் தொங்கிட்டே இருந்தா, மண்ணத் தொட்டுப் பாத்து காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க.

மேற்கு பாத்து வச்ச தொட்டிதான் இந்தக் கூத்து அதிகம் அடிக்குது, அதுவும் குன்னூர் வெயில்லயே. கிழக்கு பக்கம் இருக்கிறதுக்கு காலைல 3, 4 மணி நேரம் வெயில், அப்புறம் வீட்டு நிழல், அது சமத்து. நிழல் நல்லதுன்னு முழு நிழல்ல கொண்டு போய் வச்சா இலை மட்டும் தளதளன்னு வரும், பூ எதிர்பார்க்காதீங்க.

மண்ணு விஷயத்துல குறை சொல்ல மாட்டேன். தேயிலைக்கு ஏத்த புளிப்பு மண்ணு இது, மக்கின இலை கொஞ்சம் போட்டா போதும், தண்ணி மட்டும் தேங்கக் கூடாது. நர்சரில ரோஸ் கலர் பூன்னு வாங்கினது இங்க வந்து நீலமாயிடுச்சு. மண்ணோட பிஎச் (புளிப்பு அளவு, எண் குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) 5.5க்குக் கீழ இருந்தா செடி அலுமினியத்த இழுத்து நீலமாகும், 6.5 தாண்டினா ரோஸ், நடுவுல ரெண்டும்கெட்டான் ஊதா. சிமெண்ட் சுவர ஒட்டி நிக்கிற ஒரு செடில சுவர் பக்கம் மங்கலா ரோஸ், வெளிப்பக்கம் நீலம், ஒரே செடில! சுவருல இருந்து இறங்குற சுண்ணாம்பு வேலை அது. அதப் பாக்கும்போது மத்தியான கோவமெல்லாம் போயிடும். வெள்ளை ரகம் வச்சிருக்கவங்க இந்த ஆட்டமெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், அது மண்ணப் பாத்து மாறாது. பூவும் வாரக்கணக்குல நிக்கும், செடிலயே பச்சையா மாறி காய்ஞ்சதுக்கப்புறம் வெட்டி ஜாடில வச்சாலும் அழகுதான். ஆனா கவாத்து பண்றேன்னு குளிர் காலத்துல கத்திரிய எடுத்துடாதீங்க, போன வருஷக் குச்சிலதான் இதுல பூ, பூத்து முடிஞ்ச கையோட வெட்டணும்.

இவ்வளவு புகழ்ந்துட்டு சொல்றேன், பாப்பா, நீ வாங்காத. இதுக்கு மொட்டு கட்டணும்னா 18 டிகிரிக்குக் கீழ ஒரு ஆறு வாரமாவது குளிர் வேணும், உங்க மாடில அது எங்க கிடைக்கும். மொட்டோட வாங்கிட்டுப் போனா அந்த ஒரு தடவை பூக்கும், அதுக்கப்புறம் வெறும் இலை. போர் தண்ணில சுண்ணாம்பு அதிகமா இருந்தா அந்த இலையும் மஞ்சளடிச்சு நரம்பு மட்டும் பச்சையா தெரியும். மத்தியானம் மாடி ஏறிப் பாத்துட்டு "அக்கா செத்துப் போச்சு"ன்னு நீ போன் பண்ணுவ, நான் விரல விட்டுப் பாருன்னு சொல்லணும், எதுக்கு ரெண்டு பேருக்கும் இந்த வம்பு. கொத்துப் பூதான் வேணும்னா இட்லிப்பூ வை. அதுவும் புளிப்பு மண்ணுதான் கேக்கும், ஆனா வெயில்ல நிக்கும்.