செஸ்ட்: பிரிட்டன் வரித்துறையின் இலவசக் கருவி எப்படி?

சேலம் ஐந்து ரோடு பக்கம் உட்கார்ந்து, பிரிட்டனில் சொந்த லிமிடெட் கம்பெனி வைத்திருக்கும் கன்சல்டன்ட்களுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் அந்நாட்டு வரித்துறையின் 'செஸ்ட்' இணையக் கருவியை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது. பணம் கிடையாது, லாகின் கிடையாது. ஒரு கான்ட்ராக்ட் ஐஆர்35 விதிக்குள் வருமா, அதாவது இவர் நிஜமாகவே தனித்தொழில் செய்பவரா, கம்பெனி முகமூடி போட்ட சம்பளக்காரரா என்று பார்த்துச் சொல்லும்.

கருவி கேட்கும் கேள்விகளில் முக்கியமானது, 'உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப முடியுமா' என்பது. ஆபீசுக்குப் புதிதாக வந்த பெண் விழித்தாள். "செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியை வாங்கிப்போய் வீட்டில் கொலுசு செய்து தருகிறவர், தம்பியை உட்கார வைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள் கண்ணு. பட்டறைக்குத் தினம் வருகிறவர் அப்படிச் செய்ய முடியுமா?" என்றேன்.

"சரிங்கண்ணா, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் போதுமா?"

போதாது. கிளையன்ட் நடைமுறையில் ஏற்பாரா என்பதையும் பார்ப்பார்கள்.

வேலை கொடுக்கவும் ஏற்கவும் இருதரப்புக்கும் கடமை உண்டா என்பதை இந்தக் கருவி சரியாக அலசுவதில்லை என்று அங்குள்ள வரி ஆலோசகர்கள் வெகுநாளாகச் சொல்கிறார்கள். என் எண்ணமும் அதுவே. சில பதில்களுக்கு 'தீர்மானிக்க இயலவில்லை' என்று கைவிரித்தும்விடும்.

2021 ஏப்ரல் முதல் தனியார் துறையிலும் நடுத்தர, பெரிய கிளையன்ட்தான் ஐஆர்35 பொருந்துமா என்று முடிவெடுக்க வேண்டும். சிறிய கிளையன்ட் என்றால் பொறுப்பு கன்சல்டன்ட் கம்பெனியின் தலையில். இரு தரப்புக்கும் இந்தக் கருவி உதவும். விவரம் சரியாக இருந்தால் முடிவை ஏற்போம் என்கிறது வரித்துறை. விடைப் பக்கத்தை பிடிஎஃப் எடுத்து வையுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.