கல்யாண வீடியோவை எம்-டிஸ்க்கில் ஏற்றினேன்

2008ல் கோபிசெட்டிபாளையத்தில் நடந்த எங்கள் கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் டிவிடியில்தான் தந்தார். போன வருஷம் போட்டுப் பார்த்தால் அருமைக்காரர் (எங்கள் கொங்குப் பக்கக் கல்யாணத்தை நடத்தி வைக்கிற பெரியவர்) சீர் செய்கிற இடத்தில் படம் நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கத்து ஊதா ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வெளுத்திருந்தது. அதற்கப்புறம்தான் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களை ஆசீர்வதிக்கிற காட்சி. அம்மிச்சி இப்போது இல்லை.

நல்லவேளை, தம்பியிடம் இன்னொரு காப்பி இருந்தது. அதை எம்-டிஸ்க் என்கிற, நெடுநாள் தாங்குவதற்கென்றே செய்த 25 ஜிபி ப்ளூரே டிஸ்க்கில் பதிந்தேன். சாதாரண டிவிடியில் தகவல் பதிவது கரிமச் சாயத்தில், வெயிலும் சூடும் பட்டால் மங்கிவிடும், நம் ஊர் பரணில் சித்திரை மாதச் சூடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எம்-டிஸ்க்கில் சாயம் கிடையாது, கனிம அடுக்கு. ஆயிரம் வருஷம் என்று விளம்பரம் செய்கிறார்கள். என் பேத்தி பார்த்தால் எனக்குப் போதும். விலை அதிகம்தான், எழுதவும் நேரமாகும், டிஸ்க்கில் எழுதுகிற ரைட்டர் எம்-டிஸ்க்கை ஏற்குமா என்று பார்த்து வாங்குங்கள். பட்ஜெட் இடித்தால் சாதாரண ப்ளூரேயும் பரவாயில்லை, ஆனால் உறையில் எல்டிஹெச் (LTH) என்று இருந்தால் அதிலும் பதிவது சாயத்தில்தான், வேண்டாம்.

பென்டிரைவை நம்பிப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள், வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். எம்-டிஸ்க்கில் எழுதி முடித்ததும் வெரிஃபை கொடுத்துச் சரிபார்த்தேன். ஒரு காப்பி ஹார்டு டிஸ்க்கில், இன்னொரு டிஸ்க் காங்கேயத்தில் அக்கா வீட்டு பீரோவில்.